ரோலர் ஸ்கீயில் கை ஓய்ந்துபோகாமல் இருக்க நான் கண்ட வழி

மதுரையில் பனிக்கு எங்கே போவது? கிராஸ் கன்ட்ரி ஸ்கீ, அதாவது கையில் கோல் ஊன்றிப் பனியில் நெடுந்தூரம் சறுக்கும் போட்டிக்கான என் பயிற்சி பெரும்பாலும் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில்தான், அதுவும் அழகர்கோவில் ரோட்டில், பஸ் நடமாட்டம் தொடங்கும் முன்.

இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும் டபுள் போலிங்தான் படுத்தியது. மூச்சும் காலும் தெம்பாக இருக்கும். மேல்கையின் பின்பக்கத் தசை மட்டும் எரிந்து ஓய்ந்துவிடும். தண்டாலைக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை.

வீடியோ எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உடம்பு நிமிர்ந்தே நின்றது, வேலை முழுவதும் கைக்குப் போனது. உடம்பை முன்னால் சாய்த்து எடையைக் கோலின்மேல் இறக்க வேண்டும். அதற்கு வயிறும் முதுகும் இறுகிப் பிடிக்க வேண்டும்.

சரி என்று தண்டாலைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் கனமான எடைக்கு மாறினேன். பையில் மணல் போட்டு மாட்டிக்கொண்டு, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்லப், அப்புறம் மேலிருக்கும் கம்பியை மார்புக்கு இழுக்கும் லேட் புல்டவுன். செட்டுக்கு 5 தடவை, 3 செட், நடுவில் 3 நிமிடம் ஓய்வு. "என்ன தம்பி, உட்கார்ந்தே இருக்கீங்க?" என்று ஜிம் மாஸ்டர் கிண்டல் செய்வார். அந்த ஓய்வு இல்லாமல் அடுத்த செட்டில் முழு பலம் வராது. வீட்டில் ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி, கோல் ஊன்றும் அதே அசைவில், வயிற்றை மடக்கி இழுப்பேன்.

இப்போது முதலில் எரிவது வயிறுதான். அது சரியான இடம்.

இன்னொன்று, தார் ரோட்டில் கோலின் கார்பைடு முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் கோல் வழுக்கி, தோள்பட்டையில் அடி விழும். வைர அரத்தால் அடிக்கடி தீட்டிவிடுங்கள்.