பண்டைய இந்தியாவை ஆறுகளிலிருந்து படியுங்கள்

உயர்தரத்தில் வரலாறோ இந்து நாகரிகமோ பயிலும் யாழ்ப்பாண மாணவர்கள், ஆண்டுகளை மனனம் செய்வதற்கு முன்னர், இந்தியத் துணைக்கண்டத்தின் புறவுருவப் படமொன்றில் சிந்து, ராவி, கங்கை ஆகிய ஆறுகளை மட்டும் வரைந்துகொள்வது நல்லது. சிந்துவெளி நாகரிக நகரங்களான மொகஞ்சதாரோவைச் சிந்துக் கரையிலும் ஹரப்பாவை ராவிக் கரையிலும் குறித்து, அருகே அவை செழித்த காலமாக ஏறத்தாழ கி.மு. 2600–1900 என எழுதுங்கள். பின்னர் கங்கைச் சமவெளியில் புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவையும், முதற் போதனை நிகழ்ந்த சாரநாத்தையும், சமணத்தின் மகாவீரரோடு தொடர்புடைய வைசாலியையும் குறிக்கும்போது, மேற்கே அந்நகரங்கள் தளர்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே பௌத்தமும் சமணமும் கிழக்கே பரவத் தொடங்கின என்பது கண்ணுக்கே புலப்படும். விடை எழுதும்போது இந்த இடைவெளியையே முதலில் விளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தின் தெற்கே நம் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையையும் சேருங்கள். அங்குள்ள பௌத்த எச்சங்கள், பௌத்த மதம் கடல் கடந்து வந்தமைக்கு அருகிலேயே பார்க்கக்கூடிய சான்றாகும்.