வீட்டு வாணலியில் தினாபா: பிலிப்பைன்ஸ் புகை மீன் செய்முறை

பிலிப்பைன்ஸில் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும், பிலாவோ என்கிற வட்டமான மூங்கில் முறத்தில் பொன்பழுப்பாக மின்னும் மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் தினாபா. புகை போட்டுப் பதப்படுத்தியது என்பதுதான் பெயரின் பொருள். கவிதே மாகாணத்து ரொசாரியோ இதற்குப் பேர்போன ஊர். அங்கே கலுங்கோங் என்கிற சிறு கடல்மீன், பங்குஸ் என்கிற பால்மீன், மத்தி வகை மீன்கள் எல்லாவற்றையும் புகை போடுவார்கள். முதல்முறை செய்பவர்கள் மத்தி மீனை வைத்துத் தொடங்குங்கள், சின்ன மீன் என்பதால் சீக்கிரம் வெந்துவிடும்.

அரை கிலோ மத்தி, அன்றைக்கு வந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள், தலை இருக்கட்டும். நாலு கப் தண்ணீரில் அரை கப் கல்லுப்பைக் கரைத்து மீனை அரைமணி நேரம் ஊறவையுங்கள்.

அப்புறம் புதிதாக அதே அளவில் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து, மீனை மெதுவாக இறக்கி, தீயைக் குறையுங்கள். ஐந்து நிமிடம் போல ஆகும், ஆனால் கடிகாரத்தைவிட மீனின் கண்ணைப் பாருங்கள்: கண் முழுக்க வெள்ளையாகிவிட்டால் வெந்துவிட்டது. உடையாமல் ஒவ்வொன்றாக எடுங்கள்.

அடுத்தது உலர்த்துவது. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கோ தினாபாவின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று தோன்றும். கம்பி வலையில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, தோல் மட்டும் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். அந்தப் பிசுபிசுப்பில்தான் புகை சீராகப் படிந்து பொன்னிறம் வரும், ஈரத்தோடு வைத்தால் கரி படிந்து கசந்துவிடும்.

இனி புகை. பழைய இரும்பு வாணலியில் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்து, ஒரு கைப்பிடி மாமரத் தூள் போடுங்கள். பிளைவுட் தூள், பெயின்ட் அடித்த மரத்தின் தூள் வேண்டவே வேண்டாம். தூள் கிடைக்காவிட்டால் அரிசி, சர்க்கரை, தேயிலை மூன்றையும் கலந்து போடலாம். மேலே கம்பி வலை, அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் மீன், இறுக்கமான மூடி. ஜன்னலைத் திறந்து வைத்து, புகை கிளம்பியதும் தீயைச் சிறிதாக்கி இருபது நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

அங்கே காலைச் சாப்பாட்டில் பூண்டு போட்டு வறுத்த சோறு, நறுக்கிய தக்காளி, பூண்டும் மிளகாயும் ஊறிய வினிகர் இவற்றோடு தினாபா வைப்பார்கள். பலபோக் நூடுல்ஸ் மேலும் உதிர்த்துத் தூவுவார்கள். மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். அல்லது முள் எடுத்து உதிர்த்து, பல பிலிப்பினோ வீடுகளில் வெள்ளிக்கிழமை செய்வதுபோலப் பச்சைப்பயறுக் குழம்பில் கடைசியாகச் சேருங்கள், புகை வாசம் பயறில் இறங்கி, சோற்றோடு பிசைந்து சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்கும்.