பழகிய தொடர், புதிய பாகம்: பழைய கை எங்கே சறுக்கும்?

ஒரு வீடியோ கேம் தொடரின் முந்தைய பாகங்களைக் கரைத்துக் குடித்தவர் புதிய பாகத்தின் முதல் பாஸிடமே, அதாவது முதல் பெரிய எதிரியிடமே, திணறுவது அதிசயமில்லை. பழைய பாகம் விரல் நுனியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சில சறுக்கல்கள் கேமை வாங்கும்போதே ஆரம்பித்துவிடும்.

‘போன பாகம் ஓடிய கம்ப்யூட்டர்தானே, இதுவும் ஓடும்’ என்று நம்பி வாங்குவது அதில் ஒன்று. 2020-இல் வந்த ‘டூம் எடர்னல்’ ஜி.டி.எக்ஸ். 10 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளில் நன்றாகவே ஓடும். 2025-இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ கார்டிலேயே ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும்) வசதி கேட்கிறது. செட்டிங்ஸை எவ்வளவு இறக்கினாலும் அந்தப் பழைய கார்டுகளுக்கு வழியில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் சிக்கல் வேறு: யு.எஸ்.பி. வெளி டிரைவில் பி.எஸ்.5 கேமைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்தே ஆட முடியாது.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே கேரக்டரின் மூக்கைச் செதுக்குவதிலேயே முதல் மணி நேரத்தைச் செலவழிக்காமல், கூட்டமான ஒரு சண்டை வரை போய் ஃப்ரேம் விழுகிறதா, அதாவது படம் திக்குகிறதா என்று பாருங்கள். கேம் திறந்த நிலையில் ஷேடர் கம்பைல் ஆகும் (கார்டுக்கேற்ப கிராஃபிக்ஸைத் தயார் செய்யும்) நேரமும் அந்த 2 மணியில்தான் சேரும்.

பழைய சேவ் (ஆட்டத்தைச் சேமித்த ஃபைல்) தேவைப்படும் என்று மொத்தத் தொடரையும் மறுபடி ஆடக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றை விசாரிக்க வேண்டும்: புதிய பாகம் அதைப் படிக்குமா? ‘மாஸ் எஃபெக்ட்’ முதல் மூன்று பாகங்களில் உங்கள் முடிவுகள் சேவ் வழியாகவே தொடர்ந்து வரும். 2024-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ பழைய சேவைத் தொடுவதே இல்லை. கேரக்டரை உருவாக்கும்போது, முந்தைய பாகமான ‘இன்க்விசிஷன்’ பற்றி மூன்றே முடிவுகளைக் கேட்டுக்கொள்கிறது. அதற்காக நூறு மணி நேரம் ஆடுவது வீண். கதைச் சுருக்க வீடியோ ஒன்று போதும்.

டுடோரியலை, அதாவது ஆரம்பப் பயிற்சியைத் தாண்டிப் போவது பழையவர்களுக்கே உரிய தவறு. ‘டார்க் சோல்ஸ்’ ஆடிய கையோடு ‘எல்டன் ரிங்’ தொடங்குபவர்கள், ஆரம்பத்தில் வரும் பள்ளத்தில் குதிக்காமல் நேரே நடந்துவிடுகிறார்கள். கார்ட் கவுன்டரைச் சொல்லித் தருவது அந்தப் பள்ளத்துக் குகைதான்: கேடயத்தால் அடியைத் தாங்கிய மறுகணமே ஹெவி அட்டாக் (பலமான அடி). டார்க் சோல்ஸில் இந்த வித்தை கிடையாது. கேடயம் பிடித்து ஆடுகிறவருக்கு இதில்லாமல் பாதி ஆயுதம் போன மாதிரி.

எல்டன் ரிங்கின் 2024 விரிவாக்கமான ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’யில் லெவலை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த நிலப்பகுதியில் தாக்கும் பலமும் தாங்கும் பலமும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைச் சேகரித்து கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடத்தில்) செலுத்தினால்தான் வேண்டிய அளவுக்கு ஏறும், உச்ச நிலை 20. பாஸ் இரண்டே அடியில் வீழ்த்தினால் திரும்பிப் போய்த் துண்டு தேடுங்கள். நியூ கேம் பிளஸில் (முடித்த கேமை அதே கேரக்டரோடு மறுபடி ஆடும் சுற்றில்) இருக்கும் பழைய சேவோடு நுழைந்தால் எதிரிகள் இன்னும் கடுமையாவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

டூமுக்கே வருவோம். எடர்னலில் டபுள் ஜம்ப் (காற்றில் மறுபடி குதிப்பது), டேஷ் (சட்டென்று பாய்வது) என்று காற்றிலேயே குடியிருந்தோம். டார்க் ஏஜஸில் அவை இரண்டும் இல்லை. கையில் கேடயம் இருக்கிறது. பச்சை நிறத்தில் வரும் தாக்குதலை நின்று, சரியான கணத்தில் தட்டித் திருப்ப வேண்டும். பழக்கதோஷத்தில் பின்வாங்கி ஓடிக்கொண்டே சுட்டால் நாலாபுறமும் குண்டு வாங்குவீர்கள். தட்டும் நேரம் பிடிபடவில்லையென்றால் டிஃபிகல்ட்டி மெனுவில் பேரி விண்டோவை (தட்டக் கிடைக்கும் நேர அளவை) தனியாகக் கூட்டலாம், மொத்த டிஃபிகல்ட்டியைக் குறைக்கத் தேவையில்லை.

இருவர் மோதும் சண்டை கேமான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ (2023) இதைவிட நுணுக்கமான பொறி. பழைய பாகங்களில் சிறப்பு அடிகளுக்கான மீட்டரைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிறகு செலவழித்தோம். இங்கே டிரைவ் கேஜ் ஒவ்வொரு ரவுண்டும் 6 கட்டமும் நிரம்பியே தொடங்கும். ஓவர்டிரைவ் அடிக்கு (வலுவூட்டிய ஸ்பெஷல் அடி) 2, டிரைவ் இம்பாக்ட்டுக்கு (எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே தாக்குவது) 1, அடியைக் கான்செல் செய்து (பாதியில் வெட்டி) டிரைவ் ரஷ் (முன்பாய்ச்சல்) போனால் 3. ஒரே காம்போவில் (தொடர் அடியில்) ரஷ்ஷும் ஓவர்டிரைவும் சேர்ந்தாலே 5 காலி. மீதியை, வெறுமனே தடுத்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி கரைத்துவிடுவார். பூஜ்யம் ஆனால் பர்ன்அவுட்: முழுக்க நிரம்பும்வரை எந்த டிரைவ் வித்தையும் கிடையாது, ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தாலும் உயிர் குறையும், மூலையில் டிரைவ் இம்பாக்ட்டைத் தடுத்தால் மயங்கி நிற்பீர்கள். கேஜ் 2-க்கு இறங்கியதும், அந்த அடி ரவுண்டை முடிக்காது என்றால் செலவழிக்காதீர்கள்.

கன்ட்ரோலர் பட்டன்களைப் பழைய பாகத்தின் அமைப்புக்கே மாற்றிக்கொண்டு தொடங்குவதும் நல்லதல்ல. ‘அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்’ (2017) வாள் வீச்சைத் தோள் பட்டன்களுக்குக் கொண்டுபோனது, வலது கட்டைவிரல் கேமராவை விடாமல் இருக்கத் தோதாயிற்று. சென்சிடிவிட்டி (ஸ்டிக்கை அசைத்தால் கேமரா திரும்பும் வேகம்), கேமரா இன்வெர்ட் (திசையைத் தலைகீழாக்குவது) இரண்டையும் உங்கள் கைக்கு முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மூன்று, நான்கு மணி நேரம் அவர்கள் வைத்தபடியே ஆடிவிட்டு, பிறகு மாற்றுங்கள்.