மோட்டார் முனகுது, வண்டி நகரல: எனக்குத் தீர்ந்த விதம்
என் குட்டி ரோபோ வண்டியில் இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஓடும் கட்டுப்பாட்டு போர்டு), எல்298என் போர்டு (மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் டிரைவர்), நாலு ஏஏ பேட்டரி. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றும். தரையில் வைத்தால் 'ங்ங்' என்று முனகல் மட்டும்.

புது பேட்டரி போட்டேன், பிடபிள்யூஎம் மதிப்பை (மோட்டார் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) உச்சமான 255 வரை ஏற்றினேன், மோட்டாரையே மாற்றினேன். பலனில்லை. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, முனகிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். சும்மா நிற்கும்போது அளந்தால் இது தெரியாது. பேட்டரியில் 5.8 வோல்ட், மோட்டார் முனையில் 3.6. மீதியைப் போர்டே விழுங்குகிறது. எல்298 பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் வகை. 1 ஆம்பியரில் 1.8 முதல் 3.2 வோல்ட் வரை இழப்பு என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. அந்த இழப்பு சூடாகத்தான் வெளியேறும்; அவ்வளவு பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) சும்மாவா வைத்தார்கள்! 12 வோல்ட்டில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிதாக உறைக்காது.

அதற்குப் பதிலாக, இழப்பு குறைவான மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வகையான டிபி6612எஃப்என்ஜி டிரைவரை வாங்கி மாட்டினேன். இப்போது முனகல்கூட இல்லை. வயரிங் சரியாகத்தான் தெரிந்தது, புரோகிராமும் சரி. சிக்கல் எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) என்ற பின்னில் இருந்தது. அதை எதிலும் இணைக்காமல் விட்டால், சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டர் அதை கிரவுண்டுக்கு இழுத்து, சிப்பைத் தூங்க வைத்துவிடும். எல்298என் போர்டில் இப்படி ஒரு பின்னே கிடையாது. எஸ்டிபிஒய்யிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரே ஒரு வயர், வண்டி ஓடியது. அப்பாடா.

இந்த டிபி6612 சிப் ஒரு மோட்டாருக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். பெரிய 12 வோல்ட் மோட்டாருக்கு இதை வாங்காதீர்கள்.