வங்கியில் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு: ஊர்ச் சேவையை எங்கிருந்து தொடங்குவது

திருகோணமலை நகரத்தில் வங்கி, லீசிங், காப்புறுதி என்று காசோடு புழங்கும் வேலையில் இருக்கும் பெண் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஏதாவது சேவை செய்யவேணும் போல இருக்கு. என்ன செய்யலாம்?" பெரும்பாலும் பதிலையும் யோசித்துக்கொண்டே வருவார்கள். உலர் உணவுப் பொதி, பிள்ளைகளுக்குக் கொப்பி, கிளையின் பெயர் போட்ட பெனர், குழுவாக நின்று ஒரு படம். பொதி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வெள்ளம் வந்தால் பொதிதான் முதல். ஆனால் பொதி கொடுக்க யாராலும் முடியும். கடன் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்து, வட்டி எங்கே போட்டிருக்கிறார்கள், கட்டணம் எங்கே கழிக்கிறார்கள், பிணை நின்றவளுக்கு என்ன வரும் என்று வாசித்துச் சொல்ல நம்மைப் போன்றவர்கள் வேண்டும். வெருகலிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் அதற்குத்தான் ஆளில்லை.

எங்கள் மாவட்டத்துப் பெண்களின் கடன் சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பக்கத்துச் சனங்களில் பலர் 2015, 2016 வாக்கில்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். வீடு, கிணறு, வலை, மாடு எல்லாமே புதிதாகத் தேடவேண்டியிருந்தது. நகை மிஞ்சியிருந்தவர்கள் அடைவு வைத்தார்கள். இல்லாதவர்கள் வாசலுக்கே வந்த நுண்கடன் கொம்பனிகளின் கிழமைக் கடனை எடுத்தார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மற்றொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் "ஏன் இவ்வளவு கடன் எடுத்தீங்க?" என்ற கேள்வி நம் வாயில் வராது. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால் அதன் பிறகு அவர்கள் பத்திரத்தை வெளியில் எடுக்கமாட்டார்கள்.

முதலில் ஒரே ஒரு ஊர்

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. எல்லா இடமும் ஒருமுறை போய்க் கருத்தரங்கு வைப்பதை விட, ஒரு ஊருக்குப் பலமுறை போவதே பயன். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரைப் போய்ப் பாருங்கள். எந்த ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உயிரோடு இயங்குகிறது, எங்கே கட்டடம் இருக்கிறது, எந்த நாளில் கூடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கடன் குழுத் தலைவி மூலமாக மட்டும் போகவேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் தவணை சேர்ப்பவரும் அவரே. அவர் பக்கத்தில் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தவணை எடுக்க ஆள் வரும் கிழமையையும் கேட்டு அறிந்து, அந்த நாளைத் தவிருங்கள்.

உங்கள் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலைக்குச் சேரும்போது இரகசியம் காப்போம் என்று ஒப்பமிட்டிருக்கிறோம். ஊரில் ஒரு அக்கா "என்ட கணக்கை உங்கட கொம்பியூட்டர்ல ஒருக்காப் பாருங்க மிஸ்" என்று கேட்டாலும் கிளைக்குப் போய்த் தட்டிப் பார்க்கக்கூடாது. அவளுடைய கணக்கை அவளே வங்கிக்குப் போய்க் கேட்கட்டும். என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் நம் வேலை.

இன்னொன்றை நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன். டார்கெட்டைக் கொண்டு போகாதீர்கள். சேமிப்புக் கணக்கு, அடைவு, காப்புறுதி, எதுவானாலும் அந்த மாதம் எத்தனை பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் வீட்டில் இருக்கட்டும். கிளையின் சீருடைச் சேலை வேண்டாம். கலண்டர், துண்டுப்பிரசுரம், பை எதுவும் வேண்டாம். எந்த வங்கி நல்லது என்று கேட்டால், மத்திய வங்கி உரிமம் உள்ளதா, ஊரிலிருந்து பேருந்துக் காசு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மூன்றையும் ஒப்பிடக் கற்றுக் கொடுங்கள். உங்கள் வங்கியின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் வேறு இரண்டு வங்கிகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் சந்திப்பில் கடனைப் பற்றிப் பேசவேண்டாம்

ஒரு பெரிய தாளில் 12 கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. எந்த மாதத்தில் வீட்டுக்குக் காசு வரும் என்று கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். கடற்கரை ஊரென்றால் வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகு கரையில் கிடக்கும். தம்பலகாமம், வெருகல் பக்கம் பெரும்போக வெட்டு பெப்ரவரி, மார்ச்சில். தண்ணீர் கிடைத்தால் சிறுபோகம் ஓகஸ்ட், செப்டம்பரில். நிலாவெளி, உப்புவெளியில் ஹோட்டல்களில் துவைக்கவும் சமைக்கவும் போகும் பெண்களுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல வேலை. அதற்குக் கீழே செலவை நிரப்புங்கள்: பள்ளிக்கூடச் சாமான், பொங்கல், நோன்பு, பெருநாள், கோயில் திருவிழா, கூரை ஒழுக்கு.

பிறகு அந்தக் கட்டங்களுக்கு மேலே தவணையை எழுதச் சொல்லுங்கள். வருமானம் பருவத்துக்குப் பருவம் வருகிறது, தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை ஒரே அளவு. நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பலர் புதுக் கடனுக்குள் விழுகிறார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தாளைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். அப்போதுதான், அறுவடைக் காசில் எவ்வளவை மாரிக்கென்று ஒதுக்கவேண்டும் என்ற பேச்சு தானாகத் தொடங்கும்.

புளியங்கொட்டைக் கணக்கு

இது நிதானமாகச் செய்யவேண்டிய பகுதி. ஒரு முழுச் சந்திப்பையே இதற்கு ஒதுக்குங்கள்.

50,000 ரூபாய்க் கடன், ஒரு வருடம், "வட்டி 24 வீதம் மட்டுந்தான் அக்கா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைப்போம். வட்டி 12,000. மொத்தம் 62,000. மாதத்துக்குச் சுமார் 5,167. இதுவரை எல்லாருக்கும் விளங்கும். இப்போது 12 புளியங்கொட்டையை வரிசையாக வையுங்கள். மாதத் தவணைக்கு ஒன்றாகக் கொம்பனிப் பக்கம் தள்ளுங்கள். ஆறைத் தள்ளியபின் நிறுத்திக் கேளுங்கள்: "இப்ப கொம்பனியிட காசு உங்கட கையில எவ்வளவு இருக்கு?" பாதியளவு திரும்பிப் போயிருக்கும். ஆனால் வட்டி முழு 50,000க்கும்தான் போட்டிருக்கிறார்கள், கடைசி மாதம் வரை. மீதி குறையக் குறைய அந்த மீதிக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், இந்த "24 வீதம்" உண்மையில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 42 வீதம்.

பத்திரக் கட்டணம், காப்புறுதி என்று 2,000 ரூபாயை முதலிலேயே கழித்துக்கொண்டு 48,000 கொடுத்திருந்தால் அது 50 வீதத்தைத் தொடும். கையில் வந்த தொகையைத்தான் கடன் தொகையாக எடுத்துக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதிகாரியிடம் கேட்கவேண்டிய கேள்வியையும் வாய்ப்பாடமாக்குங்கள்: "வட்டி முழுத் தொகைக்கா, குறைஞ்சு போற மீதிக்கா? எல்லாக் கட்டணமும் கழிச்சு என்ட கையில எவ்வளவு வரும்?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்கும் பெண்ணிடம் பேசும் தொனியே மாறிவிடும். நம் பக்கத்துக் கவுண்டரில் இருந்து இதை எத்தனை முறை பார்த்திருப்போம்.

நகை உள்ளவளுக்கு, உரிமம் பெற்ற வங்கியில் அடைவு வைப்பது பல நேரம் கிழமைக் கடனை விட மலிவு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக நடக்கும் ஊரென்றால் அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கிண்ணியா, மூதூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் ஒரு கவனம். வட்டிக்கு எடுத்தோமே என்பதே அங்கு பல ராத்தாமாருக்கு மனப்பாரம். நாம் தொகையையும் தவணையையும் பேசுவோம். மார்க்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் பின்னேரச் சந்திப்பு வைக்கவேண்டாம்.

தாள்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு சி.ஆர். கொப்பி. கட்டிய திகதி, தொகை, வாங்கியவர் பெயர், பற்றுச்சீட்டு இலக்கம். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்கக்கூடாது. எழுதத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதட்டும்.

"கிறிப்பில பேர் விழுந்திட்டுது" என்று பயந்து அழுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் கிறிப் (CRIB) என்பது கடன் தகவல் பணியகத்தை. அது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கறுப்புப் பட்டியல் வைப்பது அதன் வேலையல்ல, யார் எவ்வளவு எடுத்தார், எப்படிக் கட்டினார் என்ற வரலாற்றை வைத்திருக்கிறது. தன் அறிக்கையைத் தானே விண்ணப்பித்து எடுக்கலாம். எடுத்தால் சில நேரம் தனக்குத் தெரியாமல் பிணையாகப் போன கடன் வெளியில் வரும். அதை மறுக்க எழுதவேண்டிய கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

கொம்பனியோடு பிணக்கென்றால் முதலில் அந்தக் கொம்பனிக்கே எழுத்தில் முறையிடவேண்டும், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு. பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு, 1935 என்ற இலக்கத்தில். மத்திய வங்கிக்குத் திருகோணமலையில் பிரதேச அலுவலகமும் உண்டு. 2023 இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை நீங்களும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்து மிரட்டுவது, தகாத விதமாகப் பேசுவது என்றால் அது கணக்கு விடயமல்ல. பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தையும் பொலிஸ் பெண்கள் சிறுவர் பணியகத்தையும் சொல்லுங்கள்.

2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்ட சிலர் இன்னொரு தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிக் காத்திருக்கவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தண்டப்பணம்தான் ஏறும்.

வயதான தாய்மாருக்கு ஒரு சிறு உதவி இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து நிலையான வைப்பு வட்டியில் 10 வீத வரி பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். படிவம் நிரப்பவும் வரி இலக்கம் எடுக்கவும் துணை நின்றாலே போதும். அப்படியே, எந்த வங்கியிலிருந்து யார் கேட்டாலும் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆள் சேர்த்தால் காசு வரும் என்ற திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்கிறது. அந்தப் பேச்சோடு வருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார் என்பதால் இதைச் சட்டம் என்று சொல்வது அவர்களுக்கு மறுக்க வசதி.

கணவன் காணாமற்போன பெண்களிடம் மிக மெதுவாகப் பேசுங்கள். கணக்கு மூட மரணச் சான்றிதழ் வேண்டும் என்று கவுண்டரில் சொல்லும் அந்த வசனம் அவர்களை எப்படித் தாக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்கு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று பதிவாளர் சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அது உண்டென்றே தெரியாத பலர் இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுங்கள், முடிந்தால் கூடப் போங்கள்.

செய்யக்கூடாதவை

யாருடைய காசையும் கையில் வாங்காதீர்கள். பாஸ் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பின் இலக்கம் எதுவும் உங்களிடம் இருக்கக்கூடாது. கடன் கொடுக்காதீர்கள், பிணைக்கு ஒப்பமிடாதீர்கள். மனம் இளகும் நேரம் வரும், அப்போதும் கூடாது. தனியே பேசவேண்டியவர்களுக்கு மற்றவர் காது எட்டாத ஒரு மேசை வையுங்கள். மாமியாரும் மச்சாளும் பக்கத்தில் இருந்தால், கணவனின் மோட்டார்சைக்கிளுக்குத் தன் பெயரில் எடுத்த கடனைப் பற்றி ஒருத்தி பேசமாட்டாள். படம் எடுக்கவேண்டாம். பெயரையும் தொகையையும் உங்கள் கொப்பியில் எழுதவேண்டாம், தாள் அவளிடமே இருக்கட்டும்.

நாள் பார்ப்பது

மாதக் கடைசியும் காலாண்டு முடிவும் நமக்குத் தலை நிமிர நேரமில்லாத நாட்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் பூசை, அறநெறி, டியூஷன். போயா, அதாவது மாதாமாதம் வரும் பௌர்ணமி லீவுதான் வாய்ப்பானது. காலை பத்துக்குப் பிறகு, மதியச் சமையலுக்கு முன். டிசம்பரில் தொடங்கவேண்டாம், நமக்கு வருட முடிவு, அவர்களுக்கு மழை. ஜனவரியில் உத்தியோகத்தரைச் சந்தித்து ஒழுங்கு செய்தால் பெப்ரவரிப் போயாவுக்குப் போகலாம். வெட்டு நடக்கும் ஊரென்றால் பின்னேரம் வையுங்கள். இரண்டு பேராகப் போங்கள், கடைசிப் பேருந்து நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு.

முதல் மாதத்திலிருந்தே ஊரில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக் கணக்கை அவள் நம்மை விட நன்றாகச் சொல்லுவாள், ஊர்ப் பேச்சில். கல்குலேட்டரும் மாதிரிக் கடிதங்களும் அவளிடம் இருக்கட்டும். கொஞ்சக் காலத்தில் கொப்பி பார்ப்பதை அவளே செய்வாள், பத்திரம் வாசிக்க மட்டும் நாம் போனால் போதும். பிறருடைய கடன் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பவேண்டாம் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த போயா வரை காத்திருக்கமுடியாத விடயமென்றால், பத்திரம் உள்ளவரையே உங்களோடு போனில் பேச வைக்கட்டும்.