பொறையாறு ரயிலடியைத் தேடிப் போகிறவர்களுக்கு

“எங்க தாத்தா பொறையாறு ரயிலடியில வண்டி ஏறித்தான் மலேயா போனார்” என்று உங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தால், டிக்கெட் போடும் முன் அவர் கிளம்பிய வருடத்தை விசாரித்து வையுங்கள். பொறையாறு வழியாகப் போன மயிலாடுதுறை–தரங்கம்பாடி கிளைப்பாதை 1926இல் வந்தது, 1986இல் நின்றது. அவர் 1926க்கு முன்பே போனவர் என்றால் பொறையாற்றில் அப்போது ரயிலே கிடையாது. மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) வரை மாட்டு வண்டியில் போயிருக்கலாம். அங்கே ரயிலைப் பிடித்து, நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறியிருப்பார். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல காலம் ஆட்களை ஏற்றிப்போன ராஜுலா கப்பலும் 1926இல் கட்டியதுதான் என்பது ஒரு வேடிக்கை.

சரி, வருடம் ஒத்துவருகிறது. மயிலாடுதுறையில் இறங்கி, அரை நாளைக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி என்று சுமார் 30 கிலோமீட்டர்.

வழி கேட்கும்போது ‘ஸ்டேஷன்’ என்று கேட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கைகாட்டிவிடுவார்கள். “ஐயா, பழைய ரயிலடி எந்தப் பக்கமுங்க?” என்று கேளுங்கள். அதுவும் ஐம்பது வயது தாண்டியவர்களிடம்; இளவட்டங்களுக்கு அந்த வண்டியே தெரியாது.

கட்டடம் முழுசாக நிற்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். தேட வேண்டியது மண்மேட்டை. டெல்டாவில் சாலைகள் ஆற்றங்கரையோடும் வாய்க்காலோடும் வளைந்து வளைந்து போகும். ரயில் போட்ட மேடுதான் வயல் நடுவே கோடு கிழித்த மாதிரி நேராகப் போகும். அந்த மேடு வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் இரண்டு கரையிலும் பழைய செங்கல் கட்டு தெரிகிறதா என்று பாருங்கள். மீட்டர் கேஜ் தண்டவாளங்களுக்கு இடையே மூன்றேகால் அடிதான். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கத்தையும் தாண்டிவிடும். அவ்வளவு ஒல்லியான பாதையில்தான் ஊரே போய் வந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். சேறு, பாம்பு இரண்டும் உண்டு. தை, மாசி நல்லது. வரப்பில் இறங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாட்களில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் அலைமோதும், அறை கிடைக்காது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவர்கள் தில்லையாடியில் சற்று நின்று போங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, அங்கே காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் தாயார் ஊர் அது. காந்தி 1915இல் இங்கே வந்தார், ரயிலுக்குப் பதினொரு வருடம் முன்பே.

அப்புறம், ரயிலடியைக் காட்டும் பெரியவர் முதலில் கேட்பது, “நீங்க எந்தத் தெரு, யார் வீடு?” என்றுதான். தாத்தாவின் பெயர் மட்டும் போதாது. தெருப் பெயரையும், இருந்தால் பட்டப்பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். பட்டப்பெயர் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாதிப் பேரை ஊருக்கு அப்படித்தான் தெரியும்.