பட்டி டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய காரின் துருவும் நாம் செய்யும் தவறுகளும்

எங்கள் வீட்டு மாருதி 800-இன் இடதுபக்கக் கதவுக்குக் கீழ் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. உப்புத்தாள், பள்ளத்தை நிரப்பும் பட்டி, ஸ்ப்ரே டப்பா எல்லாம் வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்பளம். திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிற்கிறது. உப்புக்காற்றின் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் தப்பு என்னுடையது.

பெயின்ட் எங்கே கொப்பளிக்கிறதோ அங்கேதான் கோளாறு என்று நினைத்துவிட்டேன். கதவின் கண்ணாடி ரப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மழைத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறத்தான் கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். பத்து இருபது வருடத் தூசியும் வேப்பம்பூவும் அவற்றை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளேயே தேங்கி, இரண்டு தகடுகளையும் மடித்துச் சேர்த்திருக்கும் விளிம்பிலிருந்து அரிக்கத் தொடங்கும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால்தான் அது பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளிக் கொப்பளிக்க வைக்கிறது. வெளியே நாணயம் தெரிகிறதென்றால் உள்ளே தட்டு அளவுக்குப் போயிருக்கலாம். இரண்டாவது முறை ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை அந்த ஓட்டையில் விட்டுக் குடைந்தபோது, டீத்தண்ணீர் நிறத்தில் அரை டம்ளர் வடிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

கால்மிதிக்கு அடியில் தரைத் தகடு துருப்பிடித்தாலும் இதே கதைதான். மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மழையே இல்லாத மே மாதத்திலும் முன்சீட் பக்கம் ஈரமாக இருந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மழைக்குப் பிறகு மட்டும் ஈரமென்றால் முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைச் சந்தேகப்படுங்கள். இதைக் கண்டுபிடிக்காமல் தரைக்குப் பெயின்ட் அடிப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

சரி, தண்ணீர் தேங்கும் காரணத்தைச் சரிசெய்தாயிற்று. அடுத்து ஸ்க்ரூ டிரைவர். துருவின் மேல் அதன் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அரித்திருந்தால் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பலருக்கு இதைச் செய்ய மனசு வராது. பொத்துப்போகிற தகடு எப்படியும் போய்விட்ட தகடுதான். ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டியை அப்பும் வேலையைப் பழைய வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்டும் நாள்வரை தாங்கினால் போதும் என்று செய்வது. வாங்கப்போகிற வண்டியில் காந்தத்தை வைத்துப் பார்த்தால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாமல் நழுவும்.

ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 800 மாதிரி வண்டிகளுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு எல்லாம் சேர்ந்ததுதான் எலும்புக்கூடு. ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் பிடித்திருக்கும் இடம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றில் ஓட்டை விழுந்திருந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு டிங்கரிங் பட்டறைக்குப் போங்கள். தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிய இடம் அது. பேட்டரி வயரைக் கழற்றினார்களா, பெட்ரோல் டேங்க் பக்கம் பொறி போகாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்பதைக் கூடவே நின்று பாருங்கள்.

மேலோட்டமான துருவென்றால் நாமே செய்யலாம். கம்பி பிரஷ் இங்கே நன்றாக ஏமாற்றும். தேய்க்கத் தேய்க்கத் துருவே பளபளப்பாகும், சுத்தமாகிவிட்டது போலிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கரும்புள்ளிகளாகக் குழிகள் தெரியும். உப்பு அந்தக் குழிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. 80 நம்பர் தாளில் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, மிச்சமிருக்கும் குழிகளுக்குத் துருவை மாற்றிக் கெட்டியாக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவத்தைப் போடலாம். செதில் செதிலாக உரியும் துருவின் மேல் அதைத் தடவிப் பயனில்லை. பளிச்சென்ற இரும்பின் மேலும் வேண்டாம். அது துருவோடு சேர்ந்துதான் வேலை செய்யும். அமிலம் கலந்தது என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

தேய்த்துவிட்டு "நாளைக்குப் பிரைமர் அடிக்கலாம்" என்று படுக்கப்போவது இன்னொரு தப்பு. பிரைமர் என்பது பெயின்ட்டுக்கு அடியில் போடும் பூச்சு. கடலோரத்தில் விடிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே அடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனி சரியான காலம்.

பட்டியில் என் இரண்டு தப்புகள். ஒன்று, சீக்கிரம் இறுகட்டும் என்று, பட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரை அள்ளிப் போட்டது. நூறு கிராமுக்கு இரண்டு கிராம் அளவு போதும். கூடினால் ஊசித்துளைகள் விழும், பெயின்ட்டில் கறை ஏறும். இரண்டு, வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தது. பட்டி பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சி அடியிலிருக்கும் இரும்பிடம் கொடுத்துவிடும். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு.

சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் கேட்டுக்கும் கிரில்லுக்கும் நல்லது. அதன் மேல் தின்னர் கலந்த கார் பெயின்ட் விழுந்தால் சுருங்கி எழும்பிவிடும். அதற்குப் பதில் அடிக்க வேண்டிய எபாக்சி பிரைமர் விலை கூடுதல்; இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அதே சமயம், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்டை வீட்டுக் கார் ஷெட்டில் ஸ்ப்ரே செய்யவும் கூடாது. அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். கடையில் விற்கும் துணி முகமூடி அதைத் தடுக்காது.

கடைசியில் அண்டர்கோட்டிங். சேறும் துருவும் இருக்கும்போதே அடிப்பகுதியில் கறுப்பாக அடித்துவிட்டால், ஈரம் அதற்குள் மாட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் தன் வேலையைப் பார்க்கும். அடிப்பவர் தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிடுவார், கவனித்துக்கொள்ளுங்கள். பழைய எஞ்சின் ஆயிலைப் பூசச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தெருவில் சொட்டும். கதவின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த ஸ்ப்ரே இருக்கிறது. நீளமான குழாய் வைத்து மடிப்பு விளிம்பு நனைகிற மாதிரி அடித்தால் போதும்.

கலர் மட்டும் எனக்குக் கடைசிவரை சேரவில்லை. வெயிலில் வெளுத்த கதவில் கீழ் ஓரம் மட்டும் புதுச் சிவப்பாகத் தெரிகிறது. மூன்று மழைக்காலம் ஆயிற்று, அது இன்னும் கொப்பளிக்கவில்லை. ஸ்போக்ஸ் கம்பி டிக்கியில் கிடக்கிறது.